கட்டளைவரிக் குப்பைத்தொட்டி

கட்டளைவரிக் குப்பைத்தொட்டி என்பது, முனையத்தில் கட்டளை தட்டச்சிட்டு நீக்கப்படும் கோப்புகளை உடனே அழித்துவிடாமல், பின்னர் மீட்டெடுக்கக்கூடிய வகையில் ஓர் அடைவில் ஒதுக்கி வைக்கும் மென்பொருட் கருவியாகும். யுனிக்ஸ், லினக்ஸ் வகை இயங்குதளங்களில் கோப்புகளை நீக்குவதற்குரிய ஆர்எம் கட்டளைக்கு மாற்றாக இத்தகைய கருவிகள் பயன்படுகின்றன. சுட்டியைக் கொண்டு இயக்கப்படும் மேசைக்கணினிகளில் குப்பைத்தொட்டி, 1983 இல் வெளிவந்த ஆப்பிள் லிசாவின் காலந்தொட்டே உள்ளது. ஆனால் வரைகலை இடைமுகம் இன்றி, தொலைவில் இருந்து முனையம் வழியாக நிர்வகிக்கப்படும் வழங்கிகளில் அத்தகைய இடைநிலை எதுவும் இயல்பாக இருப்பதில்லை. பல பயனர்களின் பல்லாண்டுத் தரவு ஒரே இடத்தில் குவிந்திருப்பதும், அதனை நிர்வாகி ஒருவர் முழு அதிகாரத்துடன் கையாளுவதும் அங்கேதான்.

இக்கட்டுரை, இவ்வகைக் கருவி செயற்படும் முறையையும், அதனை ஒரு வழங்கிக்குரிய செருகுநிரலாகப் பொதிந்து வழங்கும்போது எழும் சிக்கல்களையும், அன்ரெய்டு என்னும் வழங்கி இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றது.

சொற்பொருள்

"பாதுகாப்பான நீக்கல்" என்னும் தொடர் தமிழில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு செயல்களைக் குறிக்கக்கூடும். ஒன்று, நீக்கிய கோப்பை எவராலும் மீட்க இயலாதபடி அதன் தரவின் மேல் வேறு தரவை எழுதி அழித்தல். லினக்ஸில் உள்ள ஷ்ரெட் கட்டளை இதனைச் செய்ய முயல்கின்றது. மற்றையது, நீக்கிய கோப்பை அதன் உரிமையாளர் மீண்டும் பெறக்கூடியவாறு வைத்திருத்தல். முன்னையது பிறர் கண்ணில் இருந்து தரவைக் காக்கின்றது; பின்னையது நம் கையில் இருந்தே தரவைக் காக்கின்றது. இங்கே பின்னைய பொருளே கொள்ளப்படுகின்றது. பழைய வன்தட்டை விற்குமுன் அதனைத் துடைக்க விரும்புபவருக்கு இக்கட்டுரையில் வரும் கருவிகள் உதவா.

ஆர்எம் கட்டளையின் இயல்பு

ஆர்எம், 1971 ஆம் ஆண்டின் முதற் பதிப்பு யுனிக்ஸிலேயே இருந்த கட்டளையாகும். அது என்ன செய்கின்றது என்பதை அறிய, கோப்பின் பெயரும் கோப்பின் உள்ளடக்கமும் வெவ்வேறானவை என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். அடைவு என்பது பெயர்களின் பட்டியல். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஐநோடு எனப்படும் ஒரு பதிவைச் சுட்டும். கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், தரவு வட்டில் இருக்கும் இடம் ஆகியன ஐநோட்டில் இருக்கும். ஆர்எம் கட்டளை, கருனியிடம் அன்லிங்க் என்னும் அழைப்பை விடுக்கும். கருனி பட்டியலில் இருந்து அப்பெயரை எடுத்துவிட்டு, அந்த ஐநோட்டைச் சுட்டும் பெயர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். எண்ணிக்கை சுழியமாகி, எந்த நிரலும் அக்கோப்பைத் திறந்து வைத்திராத நிலையில், அது பிடித்திருந்த இடம் காலியிடமாக அறிவிக்கப்படும்.

தரவு அக்கணமே துடைக்கப்படுவதில்லை என்பது உண்மையே. எனினும் அதனை நம்பியிருத்தல் தகாது. இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கியில் அடுத்த சில நொடிகளில் வேறொரு நிரல் அவ்விடத்தில் எழுதிவிடலாம். திண்மநிலை வட்டுகளில், காலியான இடங்களை வட்டுக்கு அறிவிக்கும் டிரிம் என்னும் வசதி இயங்கினால், பழைய தரவை வட்டே கைவிட்டுவிடும்.

ஆர்எம் கட்டளையிலேயே சில தடுப்புகள் உள்ளன. சிறிய எழுத்து -ஐ தெரிவு ஒவ்வொரு கோப்புக்கும் கேள்வி கேட்கும். குனூ பதிப்பில் உள்ள பெரிய எழுத்து -ஐ தெரிவு, மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளையோ முழு அடைவையோ நீக்கும்போது மட்டும் ஒருமுறை கேட்கும். ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்கப்பட்டால், ஐந்தாறு கேள்விகளுக்குள் பயனரின் விரல் "ஆம்" என்னும் விசைக்குப் பழகிவிடும் என்பதால், இவ்விரண்டில் பின்னையதே பயனுள்ளது எனலாம். வேர் அடைவை முழுமையாக நீக்கும் கட்டளையை மறுக்கும் வசதி 2005 இல் வெளியான சோலாரிஸ் 10 இல் அறிமுகமானது. குனூ பதிப்பில் இது 2006 இல் வெளிவந்த 6.4 ஆம் பதிப்பு முதல் இயல்பிருப்பாக உள்ளது.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2011 ஆம் ஆண்டில், மடிக்கணினிகளின் வரைகலை அட்டைகளை மேலாளும் பம்பிள்பீ என்னும் கட்டற்ற மென்பொருளின் நிறுவல் நிரலில், நீக்க வேண்டிய அடைவின் பாதையில் "யூஎஸ்ஆர்" என்பதற்குப் பின் ஒரு வெற்றிடம் தவறுதலாக இடம்பெற்றிருந்தது. ஒரே பாதையாக இருக்க வேண்டியது இரண்டு பாதைகளாகப் பிரிந்தது. அதன் விளைவாக, மென்பொருளை நிறுவ முற்பட்டவர்களின் கணினியில் பெரும்பாலான நிரல்கள் தங்கியிருக்கும் யூஎஸ்ஆர் அடைவே முழுமையாக நீக்கப்பட்டது.

2015 சனவரியில், லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் வேறொரு பிழை தெரியவந்தது. அதன் நிரல், தான் நிறுவப்பட்டுள்ள அடைவின் பெயரை ஒரு மாறியில் வைத்து, அம்மாறியோடு சாய்கோட்டையும் உடுக்குறியையும் சேர்த்து ஆர்எம் கட்டளைக்குக் கொடுத்தது. அடைவு இடம் மாற்றப்பட்டிருந்தால் அந்த மாறி வெறுமையாகிவிடும். எஞ்சுவது சாய்கோடும் உடுக்குறியும் மட்டுமே. அதாவது வேர் அடைவுக்குள் உள்ள அனைத்தும். மேலே கூறிய 2006 ஆம் ஆண்டுத் தடுப்பு இங்கே உதவாது. உடுக்குறியை ஷெல் முன்கூட்டியே விரித்துவிடுவதால், ஆர்எம் கட்டளைக்கு வேர் அடைவின் பெயர் வந்து சேர்வதே இல்லை. அதற்குள் இருக்கும் அடைவுகளின் பெயர்களே வருகின்றன.

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தள வழங்கியின் தரவு அடைவை நீக்குவதாக எண்ணி, முதன்மை வழங்கியில் அக்கட்டளையை இட்டார். ஓரிரு நொடிகளில் அதனை உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்னர் எடுக்கப்பட்ட ஒரு ஸ்னாப்ஷாட்டைக் கொண்டு சேவை மீட்கப்பட்டது. இடையில் பதிவான தரவு இழக்கப்பட்டது. இந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் விரிவாக வெளியிட்டமையால், கணினி நிர்வாகம் பயில்வோர் இன்றும் இதனைப் படிக்கின்றனர்.

இம்மூன்றில் முதலிரண்டும் நிரல் செய்தவை. மூன்றாவது மனிதர் செய்தது. கட்டளைவரிக் குப்பைத்தொட்டி மூன்றாம் வகைக்கே நேரடியாக உதவக்கூடியது. தரவு அடைவு பெயர்மாற்றம் மட்டுமே செய்யப்பட்டிருப்பின், அந்த 300 கிகாபைட்டும் அதே வட்டில் வேறு பெயரில் இருந்திருக்கும். முதலிரண்டிலும் நிரல்கள் ஆர்எம் கட்டளையைத் தாமே அழைத்தன. அக்கணினிகளில் குப்பைத்தொட்டிக் கருவி நிறுவப்பட்டிருந்தாலும் அவை அதனைத் தேடிச் சென்றிரா.

கருவிகள்

இத்துறையில் இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி மறுத்தல். பிரான்சுவா மாரியே உருவாக்கிய சேஃப்-ஆர்எம், காக்கப்பட வேண்டிய பாதைகளின் பட்டியல் ஒன்றை வைத்திருந்து, அவற்றை நீக்கக் கோரும் கட்டளையை மட்டும் தடுத்துவிட்டு, ஏனையவற்றை உண்மையான ஆர்எம் கட்டளைக்கு அனுப்பிவிடும். முதலில் பெர்ல் மொழியில் எழுதப்பட்ட இது, பின்னர் ரஸ்ட் மொழியில் மாற்றி எழுதப்பட்டது. பட்டியலில் இல்லாத கோப்பு இதில் வழக்கம்போல் அழிந்துவிடும்.

இரண்டாம் வழி ஒதுக்கிவைத்தல். ஆந்திரேயா பிரான்சியா பைத்தான் மொழியில் உருவாக்கிய டிராஷ்-சிஎல்ஐ இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. இதில் ஒதுக்குவதற்கு டிராஷ்-புட், பட்டியலிடுவதற்கு டிராஷ்-லிஸ்ட், மீட்பதற்கு டிராஷ்-ரீஸ்டோர், வெறுமையாக்குவதற்கு டிராஷ்-எம்ப்டி எனத் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன.

ஆர்எம் என்னும் பெயரையே டிராஷ்-புட் கட்டளைக்கு மாற்றுப்பெயராக வைத்துவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. அவ்வாறு செய்ய வேண்டாம் என்று டிராஷ்-சிஎல்ஐயின் ஆவணமே அறிவுறுத்துகின்றது. ஆர்எம் கட்டளை அடைவை நீக்க -ஆர் தெரிவைக் கேட்கும். டிராஷ்-புட் அதைக் கேளாமலே அடைவை எடுத்துச் செல்லும். இதைவிடப் பெரிய காரணம் பழக்கம் சார்ந்தது. தன் கணினியில் ஆர்எம் என்று தட்டச்சிட்டால் கோப்பு திரும்பக் கிடைக்கும் என்று பழகிய கை, மாற்றுப்பெயர் இல்லாத வேறொரு வழங்கியிலும் அதையே தட்டச்சிடும். ஆகவே ஆர்எம் என்று தட்டச்சிட்டால் "நீங்கள் தேடும் கட்டளை இதுவன்று" என்று அறிவித்துவிட்டு எதுவும் செய்யாதிருக்கும் மாற்றுப்பெயரை அமைத்துக்கொள்ளுமாறு அவ்வாவணம் பரிந்துரைக்கின்றது. நல்ல யோசனை எனலாம்.

ஒதுக்கிவைக்கும் முறை

ஒதுக்கிவைக்கும் கருவிகள் பலவும், லினக்ஸ் மேசைக்கணினிச் சூழல்களுக்குப் பொதுவான வரையறைகளை வெளியிடும் ஃப்ரீடெஸ்க்டாப் குழுவின் குப்பைத்தொட்டி வரையறையைப் பின்பற்றுகின்றன. இதன் முதல் வரைவு 2004 இல் எழுதப்பட்டது. இவ்வரையறையின்படி குப்பைத்தொட்டி அடைவுக்குள் இரண்டு உள்ளடைவுகள் இருக்கும். ஒன்றில் ஒதுக்கப்பட்ட கோப்புகள். மற்றொன்றில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு தகவற்கோப்பு. கோப்பு முன்னர் இருந்த பாதையும், நீக்கப்பட்ட நாளும் நேரமும் அதில் எழுதப்படும். தகவற்கோப்பையே முதலில் உருவாக்க வேண்டும், அப்பெயரில் ஏற்கனவே ஒன்று இருந்தால் உருவாக்கம் தோல்வியடைய வேண்டும் என்பது விதி. ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் ஒரே பெயருள்ள கோப்புகளை ஒதுக்கினாலும், ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்படாதிருப்பது இதனாலேயே.

இவ்வரையறையின் உயிர்நாடி, குப்பைத்தொட்டி எங்கே இருக்க வேண்டும் என்னும் வினாவில் உள்ளது. ஒரே கோப்பு முறைமைக்குள் கோப்பை இடம் மாற்றுவது வெறும் பெயர்மாற்றம். ஒரு பைட்டாயினும் ஒரு டெராபைட்டாயினும் கணப்பொழுதில் முடியும், உரிமையாளரும் அனுமதிகளும் மாறா. ஒரு கோப்பு முறைமையில் இருந்து வேறொன்றுக்கு மாற்றுவதாயின், தரவு முழுவதையும் படியெடுத்த பின் மூலத்தை நீக்க வேண்டும். அது நேரம் எடுக்கும், இடையில் அறுந்து போகலாம், சேருமிடத்தில் இடம் போதாமலும் போகலாம். ஆகவே பயனரின் இல்ல அடைவு இருக்கும் கோப்பு முறைமைக்கு இல்லத்தில் ஒரு தொட்டியும், ஏற்றப்பட்ட ஏனைய ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் அதனதன் உச்சியில், பயனர் எண்ணோடு கூடிய மறைவான தொட்டி ஒன்றும் அமைய வேண்டும் என்கின்றது வரையறை. பொதுத் தொட்டியாயின் அது ஒட்டு அனுமதி உடையதாகவும், குறியீட்டுத் தொடுப்பாக இல்லாததாகவும் இருத்தல் வேண்டும்; இல்லையேல் வேறொரு பயனர் அதனைத் தன் அடைவுக்குத் திருப்பிவிட முடியும்.

வழங்கிச் செருகுநிரலாகப் பொதிதல்

மேற்கூறியவை மேசைக்கணினியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வழங்கிக்கு வரும்போது, அவற்றுள் இயல்பாகத் தோன்றும் சில எடுகோள்கள் பொய்த்துவிடுகின்றன. இதற்கு அன்ரெய்டு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் லைம் டெக்னாலஜி நிறுவனம் 2005 முதல் வழங்கிவரும் இவ்வியங்குதளம், சிலாக்வேர் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் பல்வேறு அளவுள்ள வன்தட்டுகளை ஒன்றாக்கிக் கோப்பு வழங்கி அமைப்போர் இதனை விரும்பிப் பயன்படுத்துகின்றனர்.

இது வழக்கமாக ஒரு யூஎஸ்பி பென்டிரைவில் இருந்து தொடங்கி, இயங்குதளம் முழுவதையும் ரேம் நினைவகத்தில் விரித்துக்கொள்ளும். வன்தட்டுகளில் பயனர் தரவு மட்டுமே இருக்கும். இதனால், முனையத்தில் நுழைந்து ஒரு நிரலை நிறுவினால், அடுத்த மறுதொடக்கத்தில் அது இருந்த சுவடே தெரியாது. செருகுநிரல் என்னும் ஏற்பாடு இக்குறையை ஈடுசெய்யவே அமைந்தது. ஒவ்வொரு செருகுநிரலும் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதப்பட்ட ஒரு விவரக்கோப்பாகப் பென்டிரைவில் இருக்கும். அதில் செருகுநிரலின் பெயர், நாளைக் கொண்டு அமைக்கப்படும் பதிப்பெண், புதிய பதிப்பைத் தேட வேண்டிய இணைய முகவரி, பதிவிறக்க வேண்டிய பொதிகள், நிறுவும்போதும் நீக்கும்போதும் இயக்க வேண்டிய ஷெல் நிரல்கள் ஆகியன குறிக்கப்படும். கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அன்ரெய்டு இவ்விவரக்கோப்புகளைப் படித்து, செருகுநிரல்களைப் புதிதாக நிறுவும்.

பொதிபவர் முதலில் கவனிக்க வேண்டியது, கணினி தொடங்கும் வேளையில் இணைய இணைப்பு கிடைக்காதிருக்கலாம் என்பதை. பொதியை ஒருமுறை பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துவிட்டால், கோப்பு ஏற்கனவே இருப்பதைக் கண்டு நிறுவி மறுபடி பதிவிறக்காது. செக்சம் எனப்படும் சரிபார்ப்புத் தொகையையும் விவரக்கோப்பில் குறித்துவிட்டால், பழுதான பொதி நிறுவப்படாது. பைத்தான் போன்ற பெரிய மொழிச்சூழலைச் சார்ந்த கருவியாயின் அச்சூழலையும் உடன் கொண்டுவர வேண்டும். அதுவும் ரேமிலேயே இடம்பிடிக்கும். எனவே ஒற்றை இருமக் கோப்பாகவோ வெறும் ஷெல் நிரலாகவோ எழுதப்பட்ட சிறிய கருவி இங்கே கூடுதலாகப் பொருந்தும்.

பொதியைக் கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிலாக்வேர் பொதி என்பது அடிப்படையில் சுருக்கப்பட்ட டார் கோப்பே. அதனைப் பிரிக்கும்போது, கோப்புகளோடு அவை அமைந்துள்ள மேலடைவுகளின் உரிமையாளரும் அனுமதிகளும் சேர்ந்தே பதியும். பொதிபவர் தம் சொந்தக் கணக்கில், தம் இல்ல அடைவில் வைத்துக் கட்டினால், வழங்கியின் வேர் அடைவே அவருடைய பயனர் எண்ணுக்கு உரியதாகிவிடக்கூடும். பிழைச்செய்தி எதுவும் வராது. சில நாட்களின் பின், எசெஸ்எச் போன்ற கண்டிப்பான சேவை ஒன்று உள்நுழைவை மறுக்கும்போதே தெரியவரும்.

அடுத்தது தொட்டியின் இடம். அன்ரெய்டில் முனையத்தில் நுழைபவர் பெரும்பாலும் ரூட் பயனராகவே இருப்பார்; ரூட் பயனரின் இல்ல அடைவு இருப்பதோ ரேமில். மேசைக்கணினி வழக்கத்தை அப்படியே பின்பற்றி, இல்லத் தொட்டிக்குக் கோப்புகளைப் படியெடுத்து ஒதுக்கும் கருவியை எண்ணிப் பார்க்கலாம். நிர்வாகி 60 கிகாபைட் நிகழ்படத் தொகுப்பு ஒன்றை நீக்குகின்றார். கருவி அதனை 16 கிகாபைட் ரேமுக்குள் படியெடுக்கத் தொடங்குகின்றது. வேர்க் கோப்பு முறைமை நிரம்பி, வலை இடைமுகம் முதற்கொண்டு ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. சிறிய கோப்பாக இருந்து படியெடுப்பு வெற்றி பெற்றாலோ, கோப்பு தொட்டியில் இருப்பதாகப் பட்டியல் காட்டும். மறுதொடக்கம் செய்ததும் தொட்டியே இராது. இரண்டாவது விளைவே மோசமானது. ஆர்எம் கட்டளை குறைந்தபட்சம் எதையும் வாக்களிப்பதில்லை. ஆகவே வழங்கிக்குரிய கருவி, வேறு கோப்பு முறைமைக்குப் படியெடுப்பதை அடியோடு மறுத்து, ஒதுக்க முடியவில்லை என்று பிழையறிவித்து நிற்பதே நன்று.

வட்டுகளின் மேல் வைப்பதும் நேரடியானதன்று. அன்ரெய்டின் தரவு வரிசையில் ஒவ்வொரு வன்தட்டுக்கும் தனித்தனிக் கோப்பு முறைமை உண்டு. அவையனைத்தையும் ஒரே மரமாகக் காட்டும் பயனர் பகிர்வு என்னும் பார்வை, ஃபியூஸ் தொழில்நுட்பத்தின் வழியே மேலே அமைக்கப்படுகின்றது. ஒரே கோப்பு, "வட்டு 1" என்னும் பாதையிலும் தெரியும். பகிர்வுப் பாதையிலும் தெரியும். போதாக்குறைக்கு, மூவர் எனப்படும் காலமுறைப் பணி, விரைவான தேக்கவட்டில் எழுதப்பட்ட கோப்புகளை இரவில் வன்தட்டு வரிசைக்கு மாற்றும். இந்நிலையில் தகவற்கோப்பில் தேக்கவட்டின் பாதையை எழுதி வைத்தால், மூவர் வந்து போன பின் அப்பாதை பொய்யாகிவிடும். பகிர்வுப் பாதையை எழுதினால் கோப்பு எந்த வட்டுக்குச் சென்றாலும் அது செல்லும். இரண்டு பார்வைகளுக்கும் இடையே கோப்பைப் படியெடுப்பதும் இடர் மிகுந்தது: மூலமும் இலக்கும் உண்மையில் ஒரே கோப்பாக இருந்துவிட்டால், எழுதத் தொடங்கும்போதே அது வெறுமையாக்கப்படும். அன்ரெய்டு பயனர்களிடையே நெடுநாளாக எச்சரிக்கப்பட்டுவரும் விடயம் இது.

பகிர்வுகளின் மரத்து உச்சியில் ஒரே பொதுத்தொட்டி வைப்பதும் பொருந்தாது. அன்ரெய்டு மேல்மட்ட அடைவுகளைப் பகிர்வுகளாகக் கையாளுவதால், அவ்விடத்தில் அடைவு படைப்பது கருவியின் சொந்த விடயமன்று. ஒவ்வொரு பகிர்வுக்குள்ளும் புள்ளியில் தொடங்கும் மறைவான பெயரோடு ஒரு தொட்டி வைப்பதே ஏற்ற ஏற்பாடாகத் தோன்றுகின்றது. அப்போது அத்தொட்டி அப்பகிர்வின் வட்டு விதிகளுக்கு உட்பட்டே இருக்கும். ஆயினும் அனுமதி உரிமையாளருக்கு மட்டுமே இருக்குமாறு அமைக்க மறக்கலாகாது. இல்லையேல், ஒருவர் மட்டுமே காணக்கூடிய உள்ளடைவில் இருந்து நீக்கப்பட்ட சம்பளப் பட்டியல், பகிர்வைத் திறப்போர் அனைவருக்கும் தொட்டியில் காட்சி தரும்.

உரிமையாளர் பற்றிய மற்றொரு சிக்கல் மீட்டெடுக்கும்போது தெரியவரும். அன்ரெய்டில் பகிர்வுக் கோப்புகள் வழக்கமாக நோபடி என்னும் பொதுப் பயனருக்கு உரியவை. அதன் எண் 99. பெயர்மாற்றம் செய்து ஒதுக்கினால் இவ்வுரிமை அப்படியே இருக்கும். ஆனால் முன்பிருந்த அடைவும் நீக்கப்பட்டுவிட்டதால் கருவி அதனைப் புதிதாகப் படைக்க நேர்ந்தால், அது ரூட்டுக்கு உரியதாகிவிடும். கோப்பு திரும்பி வந்தும், வலையமைப்பில் இருக்கும் பயனரால் அவ்வடைவுக்குள் எதையும் எழுத முடியாது.

காலாவதி

தொட்டியில் இருப்பவை வட்டின் இடத்தை விடுவிப்பதில்லை. எனவே 30 நாட்கள் போன்ற ஒரு தவணை வைத்து அவற்றைத் தாமாகவே அழிக்கும் காலமுறைப் பணியைச் செருகுநிரலோடு சேர்ப்பது வழக்கம். பலர் இதனை ஒற்றை வரியில் எழுதிவிடுவர்: தொட்டிக்குள் கடைசியாக மாற்றப்பட்ட நாள் 30 நாட்களுக்கு முந்தியதாக உள்ள கோப்புகளைத் தேடி அழி. இவ்வரி பார்ப்பதற்குச் சரியானதே. ஆனால் பெயர்மாற்றம் கோப்பின் மாற்ற நாளைத் தொடுவதில்லை. 2009 இல் எடுத்த திருமண நிழற்படங்களை ஒருவர் இன்று மாலை தவறுதலாக நீக்கினால், அவற்றின் மாற்ற நாள் 2009 ஆகவே இருக்கும். அன்றிரவே காலமுறைப் பணி அவற்றை அழித்துவிடும். நேற்று எழுதிய குறிப்புகள் 30 நாட்கள் பத்திரமாக இருக்க, மீண்டும் எடுக்கவே முடியாத பழைய கோப்புகள் ஓரிரவில் போய்விடும். தகவற்கோப்பில் நீக்கப்பட்ட நாளை எழுதுமாறு வரையறை கூறுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும். தவணையை அந்நாளில் இருந்தே கணக்கிட வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள்

தகவற்கோப்பினுள் பாதையை எழுதும்போது, ஆஸ்கி அல்லாத எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டும் இணைய முகவரிகளில் போன்று விழுக்காட்டுக் குறியோடு கூடிய மூன்று குறிகளாக எழுதப்படுகின்றது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகும். "கோப்பு" என்னும் சொல்லில் ஆறு குறியீடுகள் இருப்பதால் அது 18 பைட்டாகி, தகவற்கோப்பில் 54 குறிகளாக விரியும். இது தகவற்கோப்பின் உள்ளே மட்டுமே என்பதால் தீங்கில்லை.

தீங்கு பெயரில்தான் உள்ளது. லினக்ஸின் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் ஒரு பெயரின் நீளம் 255 பைட்டைத் தாண்டலாகாது. தமிழில் இது 85 குறியீடுகள். தகவற்கோப்பின் பெயர், கோப்பின் பெயரோடு 10 பைட் பின்னொட்டைச் சேர்த்து அமைவது. ஆகவே 81 குறியீடுகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயருள்ள கோப்பு வட்டில் முறையாக இருக்கும், ஆனால் அதற்குரிய தகவற்கோப்பை உருவாக்க முடியாது. கட்டுரைத் தலைப்பை முழுமையாகக் கோப்புப் பெயராக இடும் பழக்கமுடையோருக்கு இந்நீளம் அரிதன்று. கருவி, தொட்டிக்குள் இருக்கும் பெயரைச் சுருக்கிக்கொண்டு முழுப்பெயரைத் தகவற்கோப்பினுள் காக்க வேண்டும். சுருக்கும்போது பைட் எல்லையில் வெட்டாமல் எழுத்தின் எல்லையில் வெட்டுவதும் தேவை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதித்தவர்களுக்கு இப்பிழை கண்ணில் படுவது அரிது.

நிறுவலும் நீக்கலும்

செருகுநிரலின் நிறுவல் நிரலும் நீக்கல் நிரலும் ரூட் அதிகாரத்துடன் இயங்குபவை. 2011 இலும் 2015 இலும் தரவை அழித்தவை இத்தகைய துணை நிரல்களே என்பதால், கோப்புகளைக் காக்க வந்த கருவியின் நீக்கல் நிரலில் ஆர்எம் கட்டளை எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை முதலில் படித்துப் பார்ப்பது பயனுள்ள வழக்கம். சிலாக்வேர் தான் நிறுவிய ஒவ்வொரு பொதியின் கோப்புப் பட்டியலையும் பதிந்து வைத்திருக்கின்றது. பொதியை அகற்றும் கட்டளை அப்பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே நீக்கும் என்பதால், அடைவு முழுவதையும் நீக்கும் வரிகள் பெரும்பாலும் தேவைப்படா. தேவைப்படும் இடத்தில், மாறி வெறுமையாக இருந்தால் நிரலை அங்கேயே நிறுத்திவிடும் ஷெல் வசதியைப் பயன்படுத்த வேண்டும். செருகுநிரலை அகற்றும்போது தொட்டிகளைத் தொடலாகாது. அவற்றில் இருப்பவை கருவியின் உடைமையல்ல, பயனரின் உடைமை.

இயங்குதளத்தின் ஆர்எம் நிரலையே அகற்றிவிட்டு அவ்விடத்தில் புதிய கருவியை வைக்கும் செருகுநிரல்களைத் தவிர்க்க வேண்டும். இயங்குதளத்தின் உள்நிரல்கள் தற்காலிகக் கோப்புகளை நாள்முழுதும் படைத்து நீக்கிக்கொண்டிருப்பவை. அவையெல்லாம் தொட்டிக்குச் சென்றால் சில நாட்களில் இடம் நிரம்பும். தனிப்பெயருள்ள கட்டளையாக நிறுவி, மனிதர் நேரடியாகத் தட்டச்சிடும் ஷெல்லில் மட்டும் ஆர்எம் கட்டளைக்கு எச்சரிக்கை மாற்றுப்பெயர் அமைப்பது போதுமானது. பேஷ் ஷெல், நிரற்கோப்புகளை இயக்கும்போது மாற்றுப்பெயர்களை இயல்பாக விரிப்பதில்லை என்பது இங்கே துணையாகின்றது.

சாம்பா வழி நீக்கல்

வழங்கியில் உள்ள கோப்பு, முனையம் வழியாக மட்டும் நீக்கப்படுவதில்லை. விண்டோஸ் கணினியில் இருந்து வலையமைப்புப் பகிர்வைத் திறந்து நீக்கினால், அக்கோப்பு விண்டோஸின் மீள்சுழற்சித் தொட்டிக்குச் செல்லாமல் வழங்கியில் நேரடியாக அழியும். அந்நீக்கலைச் செய்வது சாம்பா என்னும் சேவை நிரல். அது ஆர்எம் கட்டளையை அழைப்பதில்லை, கருனியையே அழைக்கின்றது. இதற்கெனச் சாம்பாவிலேயே ரீசைக்கிள் என்னும் கூறு உள்ளது. பகிர்வின் அமைப்பில் இதனைச் சேர்த்துவிட்டால், நீக்கக் கோரிக்கை வரும்போது கோப்பு அப்பகிர்வுக்குள் இருக்கும் ஒரு தொட்டி அடைவுக்கு மாற்றப்படும். அடைவு அமைப்பைப் பேணுதல், ஒரே பெயருள்ள கோப்புகளின் பல பதிப்புகளைப் பேணுதல், தற்காலிகக் கோப்புகளை விலக்குதல், மாற்ற நாளைப் புதுப்பித்தல் ஆகிய தெரிவுகள் இதில் உள்ளன. கடைசியாகக் கூறியது, மேலே கண்ட 2009 ஆம் ஆண்டு நிழற்படச் சிக்கலுக்கு விடையாகும்.

அன்ரெய்டில் ரீசைக்கிள் பின் என்னும் செருகுநிரல் இக்கூற்றையே பயன்படுத்துகின்றது. அது நிறுவப்பட்ட வழங்கியிலும், முனையத்தில் ஆர்எம் கட்டளையால் நீக்கப்பட்டவை தொட்டிக்கு வாரா. கட்டளைவரிக் கருவி நிறுவப்பட்ட வழங்கியில் வலையமைப்பு வழியே நீக்கப்பட்டவை அக்கருவியின் தொட்டிக்கு வாரா. இரண்டு வாயில்களுக்கும் இரண்டு ஏற்பாடுகள் தேவை. கொள்கலன்களுக்குள் இயங்கும் செயலிகள் மூன்றாவது வாயில். அவற்றை இவ்விரண்டும் காண்பதில்லை.

வரம்புகள்

அன்ரெய்டின் பாரிட்டி வட்டு, ஒரு வன்தட்டு பழுதானால் அதன் தரவை மீள உருவாக்க உதவுவது. நீக்கல் என்பது வட்டில் நிகழும் மற்றொரு எழுத்துச் செயலே ஆதலால், பாரிட்டி அதனையும் உடனுக்குடன் பதிந்துகொள்ளும். நீக்கிய கோப்பு அதில் இருந்து கிடைக்காது. குப்பைத்தொட்டி இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றது. கோப்பின் மேல் வேறொரு கோப்பை எழுதிவிடுதல், உள்ளடக்கத்தை வெறுமையாக்குதல், பணயத் தீநிரல் கோப்புகளைக் குறியாக்கம் செய்தல் ஆகியவற்றில் கோப்பின் பெயர் நீக்கப்படாமலே தரவு அழிவதால், தொட்டி அவற்றை அறியாது. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைகளில் எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட்டுகள் இவற்றுக்கும் ஈடுகொடுக்கும். அன்ரெய்டில் இசட்எஃப்எஸ், 2023 இல் வெளிவந்த 6.12 ஆம் பதிப்பு முதல் அதிகாரபூர்வமாகக் கிடைக்கின்றது. எக்ஸ்எஃப்எஸ் முறைமையில் அமைந்த பழைய வரிசைகளில் அவ்வசதி இல்லை. அங்கே தொட்டியும், வேறொரு கணினியில் வைக்கப்படும் காப்புப்படியுமே உள்ளன.